வெடக்கோழி முட்டையை ஒதுக்காதீர்கள்

பர்மாவில் யாங்கோனுக்குப் பக்கத்தில் இருக்கிற தான்லியின் என்ற எங்கள் ஊர்ச் சந்தையில் முட்டைக் கூடை முன்னால் குனிந்து, ஒரு சின்ன முட்டையை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துத் திரும்ப வைத்துவிட்டுப் பெரிதாகத் தேடிப் பொறுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. போன வாரம்கூட ஒரு பெண், நம்ம ஆள்தான், "என்னக்கா இது, புறா முட்டையா?" என்று கேட்டாள். "வெடக்கோழி முட்டைம்மா, இப்பத்தான் இட ஆரம்பிச்சிருக்கு" என்றேன். "இதுல சத்து இருக்காதேக்கா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். அவள் மேல் கோபம் இல்லை. சத்து கிடையாது, விளையாத முட்டை, சீக்குக்கோழி இட்டது என்று ஆளுக்கொன்று சொல்லிச் சொல்லி அது எல்லார் மனசிலும் பதிந்துவிட்டது. அது எதுவுமே உண்மையில்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முட்டை ஏன் சின்னதாக வருகிறது என்று முதலில் பார்ப்போம். முட்டையிடுகிற கோழியை அறுத்துச் சுத்தம் செய்தவர்களுக்குத் தெரியும், உள்ளே முதுகெலும்பை ஒட்டி மஞ்சள் கருக்கள் கொத்தாக இருக்கும், கடுகு அளவில் தொடங்கி மிளகு, சுண்டைக்காய், நெல்லிக்காய் என்று வரிசையாகப் பெரிதாகிக்கொண்டே போகும். ஒவ்வொரு கருவும் கடைசி ஏழெட்டு நாள், பத்து நாளில்தான் வேகமாகப் பருக்கும். வெடக்கோழியின் உடம்பு இந்த வேலையைப் புதிதாகத் தொடங்குவதால் கரு சின்னதாக இருக்கும்போதே கழன்று முட்டைக்குழாயில் இறங்கிவிடுகிறது. கரு சின்னது, அதைச் சுற்றிச் சேருகிற வெள்ளையும் குறைவு, அதன் மேல் போர்த்துகிற ஓடும் சின்னது, அவ்வளவுதான் விஷயம். குழாயில் இறங்கியதிலிருந்து முட்டையாக வெளியே வருகிற வரைக்கும் 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் வெள்ளைக்கரு சேர மூன்று மணி நேரம், ஓடு கட்டுவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம். பெரிய கோழிக்கும் இதே கணக்கு, வெடக்கோழிக்கும் இதே கணக்கு. எந்தக் கட்டத்தையும் தாண்டிக் குதித்து அது வருவதில்லை. அப்புறம் எப்படி அதை விளையாத முட்டை என்று சொல்வது?

பழுப்பு முட்டை இடுகிற பண்ணைக் கோழிகள் 18, 20 வாரத்தில் இட ஆரம்பித்துவிடும். நம் வீட்டு நாட்டுக்கோழிகளுக்கு ஆறு மாதம், சிலதுக்கு ஏழு மாதம்கூட ஆகும். பண்ணைக் கோழியின் முதல் முட்டைகள் 40, 45 கிராம் இருக்கும், பிறகு வாரத்துக்கு வாரம் ஏறி 60 கிராம் பக்கம் வந்து நிற்கும். ஐரோப்பாவில் 53 கிராமுக்குக் கீழே இருந்தால் அதைச் சின்ன முட்டை என்று தனி வகையாகவே பிரித்து விற்கிறார்கள், யாரும் தூக்கிப் போடுவதில்லை. நாட்டுக்கோழி முட்டை எத்தனை வயதானாலும் 40 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். அதற்கு மட்டும் நாட்டு முட்டை என்று கூடக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், அதே எடையில் பழுப்பு வெடக்கோழி முட்டையைக் கொடுத்தால் சத்தில்லை என்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

இட ஆரம்பிக்கப் போகிற கோழியை நாலு நாள் கூடவே இருந்து பார்த்தால் போதும், அதுவே சொல்லிவிடும். வெளிறிக் கிடந்த கொண்டையும் தாடியும் ரத்தச் சிவப்பாகும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையைக் கொஞ்சம் விரித்து அப்படியே பதுங்கி உட்காரும். வால் பக்கம் அடியில் இரண்டு எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும், இடாத கோழிக்கு அதன் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது, இடுகிற கோழிக்கு இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போகும். அப்புறம் அது மூலைமூலையாகப் போய் எட்டிப் பார்க்கும், விறகுக் குவியலுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த கூடைக்கு அடியில், என் மாமியார் வெற்றிலைப் பெட்டி வைக்கிற மர அலமாரிக்குக் கீழே என்று. அந்த நேரத்தில் வைக்கோல் போட்ட பெட்டி ஒன்றை இருட்டான மூலையில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முட்டையைத் தேடியே நமக்கு நாள் போய்விடும்.

முதல் முட்டை வருகிறதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கோழி வெகு நேரம் உட்கார்ந்திருந்தது, நடுநடுவே எழுந்து வைக்கோலை அலகால் இழுத்து இழுத்து முதுகுப் பக்கமாகப் போட்டுக்கொண்டது. கடைசியில் பாதி எழுந்து நின்ற மாதிரி முதுகை வளைத்து, கழுத்து ரோமம் சிலிர்க்க, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. முட்டை விழுந்த போது ஈரமாகப் பளபளவென்று இருந்தது, நான் கையில் எடுப்பதற்குள் அந்த ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக் காய்ந்து ஓடு மங்கிவிட்டது. நல்ல சூடு. கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி, அந்தச் சூட்டோடுதான் முட்டை வருகிறது. ஓட்டின் மேல் ஒரு நூல் அளவு ரத்தக் கோடு இருந்தது. வெடக்கோழிக்கு முதல் முதலாக விரிகிற பாதை, அதனால் ஆரம்பத்தில் சில முட்டைகளில் இப்படிக் கோடு இருக்கும், பிறகு தானாக நின்றுவிடும். முட்டையிடுகிற கோழிக்குத்தான் வலி தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். முட்டைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, ஈரத் துணியால் அந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதும். தொட்டியில் போட்டுக் கழுவாதீர்கள். நான் சொன்ன அந்த ஈரம் காய்ந்து ஓட்டின் மேல் மெல்லிய பூச்சாக நிற்கிறது, அதுதான் ஓட்டின் நுண்துளைகளை அடைத்துக் கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. நம் மழைக்காலத்தில், எல்லாம் பூசணம் பிடிக்கிற மாதத்தில், அந்தப் பூச்சு இருந்தால்தான் முட்டை தாங்கும்.

இனி ஓடு. ஒரு கோழி ஒரு முட்டை ஓட்டுக்குக் கொடுக்கிற கால்சியம் சுமார் இரண்டு கிராம். வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், ஆனால் ஓட்டுக்குப் போகிற கால்சியம் அதே அளவுக்கு ஏறாது, அதனால் பெரிய முட்டையில் ஓடு மெலிந்துவிடும். சின்ன முட்டையில் அதே சரக்கு சின்ன பரப்பில் படிவதால் ஓடு கெட்டி. பைக்கில் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு குண்டும் குழியுமான பாதையில் சந்தைக்கு வருகிற எனக்கு இது நன்றாகத் தெரியும், கூடையில் விரிசல் விடுவது எப்போதும் கிழட்டுக் கோழிகளின் பெரிய முட்டைதான்.

ஒரு விஷயத்தை இங்கே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வெடக்கோழி முட்டையை விரும்புகிறவர்கள் சிலர் அதில் மஞ்சள் கரு அதிகம், அதனால்தான் ருசி என்று சொல்கிறார்கள். அது சரியில்லை. அதில் மஞ்சளின் பங்கு பெரிய கோழியின் முட்டையைவிடக் குறைவு, கோழிக்கு வயது ஏறும்போதுதான் மஞ்சள் பங்கு கூடும். வெடக்கோழி முட்டையின் அருமை அதன் வெள்ளையில் இருக்கிறது. தட்டில் உடைத்து ஊற்றிப் பாருங்கள், வெள்ளை தண்ணீர் மாதிரி ஓடாமல் கருவைச் சுற்றி உயரமாகத் திரண்டு நிற்கும், கரு நடுவில் குவிந்து இருக்கும். கிழட்டுக் கோழியின் முட்டையைப் பக்கத்தில் உடைத்தால் அது தட்டு முழுவதும் பரவிவிடும்.

இதனால் என்ன பயன் என்று கேட்டால், குழம்பில் உடைத்து ஊற்றுகிறவர்களைக் கேளுங்கள். வெங்காயம் தக்காளி வதக்கிப் புளி கரைத்து ஊற்றி, குழம்பு கொதித்து எண்ணெய் பிரிகிற நேரத்தில் தீயைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு முட்டையாகக் கரண்டியில் உடைத்து ஓரமாக இறக்க வேண்டும். பெரிய கோழியின் முட்டை என்றால் பாதி வெள்ளை நூல்நூலாகப் பிரிந்து குழம்பு கலங்கிவிடும். வெடக்கோழி முட்டை அப்படியே பொத்தினாற்போல மூடிக்கொள்ளும், கரண்டியால் எடுத்துச் சோற்றில் வைத்தால் உடையாது. புளிச்சகீரை மசியலிலும் இப்படி இறக்கலாம், நாப்பி என்கிற பர்மிய மீன் விழுது கொஞ்சம் போட்டுத் தாளித்த புளிச்சகீரையில் இந்த முட்டையைச் சாப்பிட்டுவிட்டு ஒருத்தர் சத்தில்லை என்று சொல்லட்டும், நான் சந்தைக்கே வரவில்லை.

அவித்துப் போடுவதானால் இன்னும் நல்லது. பர்மாக்காரர்கள் செய்கிற மாதிரி அவித்து உரித்து, மஞ்சள் தூள் தடவி, கடலை எண்ணெயில் தோல் கொப்புளித்துப் பொன்னிறமாகும் வரை புரட்டி, அப்புறம் தக்காளித் தொக்கில் போடுவது எங்கள் வீட்டிலும் வழக்கம். பெரிய முட்டையை இரண்டாக வெட்டித்தான் எல்லாருக்கும் பங்கு வைக்க வேண்டியிருக்கும், வெட்டின உடனே மஞ்சள் கரைந்து மசாலாவில் போய்விடும். சின்ன முட்டையை வெட்ட வேண்டாம், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முழு முட்டை. பாதி முட்டை வாங்குகிற பிள்ளைக்கும் முழு முட்டை வாங்குகிற பிள்ளைக்கும் முகத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று பிள்ளை வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். கவுசுவே என்கிற பர்மிய நூடுல்ஸுக்கு வட்டமாக அரிந்து மேலே வைப்பதற்குப் பெரிய முட்டைதான் அழகு, அதை ஒத்துக்கொள்கிறேன். அவிக்கிற நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், பெரிய முட்டைக்கு வைக்கிற நேரம் வைத்தால் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். அன்றைக்கு இட்ட முட்டையை அன்றைக்கே அவித்தால் தோல் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும், எந்த வயதுக் கோழி முட்டையானாலும் அப்படித்தான், நாலைந்து நாள் வைத்து அவியுங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் சண்டை அங்கேதான். முட்டையை எண்ணி விற்பதால்தான் இந்தப் பிரச்சினையே. 42 கிராம் முட்டை பத்து வாங்கினால் 420 கிராம், 60 கிராம் முட்டை ஏழு வாங்கினாலும் 420 கிராம். ஆக, பத்துச் சின்ன முட்டைக்கு ஏழு பெரிய முட்டையின் விலையைக் கொடுத்தால் இருவருக்கும் நஷ்டமில்லை. நம் ஊரில் மீன், கறி, வெங்காயம், நாப்பி எல்லாமே வீசைக் கணக்கில்தான் போகிறது. ஒரு வீசை என்பது 1633 கிராம், அதில் சின்ன முட்டை 39 வரும், பெரிய முட்டை 27 வரும். முட்டையையும் தராசில் வைத்துவிட்டால் யாரும் யாரையும் ஏமாற்றினேன் ஏமாந்தேன் என்று பேச வேண்டியதில்லை. ஒரு கிராம் முட்டைக்கு ஒரு கிராம் முட்டை என்று பார்த்தால் புரதத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் கிடையாது. பாதி விலைக்குக் கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. அதைவிட வீட்டில் பிள்ளைகள் சாப்பிடட்டும்.

ஆரம்ப நாட்களில் விசித்திரமான முட்டைகளும் வரும், பயப்பட வேண்டாம். ஓடே இல்லாமல் தோல்முட்டை வரும், கையில் எடுத்தால் தொளதொளவென்று இருக்கும். கருவே இல்லாமல் வெள்ளை மட்டும் வைத்துக் கோலிக்குண்டு மாதிரி ஒன்று வரும். இன்னொரு நாள் திடீரென்று பெரிய முட்டை வரும், உடைத்தால் இரட்டைக் கரு, ஏனென்றால் இரண்டு கரு ஒரே நேரத்தில் கழன்று விழுந்திருக்கும். உடம்பு இன்னும் தாளம் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். சில வாரத்தில் சரியாகிவிடும். கரு இல்லாத முட்டை வந்தால் வீட்டுக்கு ஆகாது என்று கூரைக்கு மேலே வீசுகிற பழக்கம் எங்கள் பெரியவர்களிடம் இருந்தது, பாவம் அந்தக் கோழியையும் சேர்த்தே சந்தேகப்படுவார்கள். அந்தக் கோழி ஒரு தப்பும் செய்யவில்லை.

தோல்முட்டை தொடர்ந்து வந்தால் மட்டும் தீனியைப் பாருங்கள். உடைந்த அரிசி, தவிடு, சோளம், கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு, காய்ந்த பொடிமீன் என்று நம் ஊரில் கிடைப்பதை வைத்தே நன்றாக வளர்க்கலாம், ஆனால் தவிடும் நொய்யும் மட்டும் போட்டால் ஓட்டுக்கு வேண்டியது கிடைக்காது. கிளிஞ்சல் ஓடு, நத்தை ஓடு, அவித்துக் காயவைத்த முட்டை ஓடு, எதுவானாலும் நொறுக்கித் தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் வைப்பது நல்லது. ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டப்படுகிறது, அப்போது கோழி தின்பதில்லை, வயிற்றில் கொஞ்சம் ஓட்டுத்துண்டு தங்கியிருந்தால் எலும்பிலிருந்து எடுப்பது குறையும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்துக் கொடுக்காதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துவிடும். இன்னொன்று, இட ஆரம்பிக்காத குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீனியைப் போடக்கூடாது, அதில் உள்ள அதிகக் கால்சியம் சின்னக் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

முட்டை எப்போது ஆரம்பிக்கும், எவ்வளவு பெரிதாக ஆரம்பிக்கும் என்பதை வெளிச்சமும் தீர்மானிக்கிறது. எங்கள் பக்கம் மார்கழியில் பகல் 11 மணி நேரம், ஆனியில் 13 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மழை முடிந்து ஐப்பசி கார்த்திகையில் பொரித்த குஞ்சு, பகல் நீண்டுகொண்டே போகிற மாதங்களில் வளர்கிறது, அதனால் உடம்பு முழுசாக நிறைவதற்கு முன்னாலேயே சீக்கிரம் இட ஆரம்பிக்கும், முட்டையும் ரொம்பச் சின்னதாக இருக்கும். அதோடு அது இட ஆரம்பிக்கிற நேரம் திங்கியான் வெயில், அதாவது ஏப்ரலில் வருகிற பர்மியத் தண்ணீர்த் திருவிழா நேரத்து வெயில். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும், தீனி இறங்காது, இரைப்பதால் ரத்தத்தில் ஓட்டுக்கு வேண்டிய சரக்கும் குறையும், முட்டை சின்னதாகவும் ஓடு மெலிசாகவும் ஆகிவிடும். 2024 ஏப்ரலில் மக்வே பக்கம் சௌக் என்ற ஊரில் 48.2 டிகிரி அடித்தது, இங்கே அவ்வளவு இல்லை என்றாலும் அந்த மாதம் எங்கள் கோழிகள் பகல் முழுவதும் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. வெயில் நாளில் தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள், நடுப்பகலில் போட்டால் அப்படியே கிடக்கும். மழை விழுந்து குளிர்ந்ததும் முட்டை தானாகப் பருக்கும், அதைச் சந்தைக்காரர்களும் பார்க்கிறார்கள், ஆனால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

சீக்கிரம் பெரிய முட்டை வேண்டும் என்று ராத்திரியில் பல்பு போட்டு, தீனியை அள்ளிக் கொட்டி வெடக்கோழியை விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. உடம்பு எடை வராத கோழி பெரிய முட்டை இட முயன்றால் சில நேரம் பின்பக்கம் உள்சதை வெளியே தள்ளிவிடும். சிவப்பாகத் தெரிந்ததும் மற்ற கோழிகள் வந்து கொத்த ஆரம்பிக்கும், அந்தக் கோழியைப் பிழைக்க வைப்பது கஷ்டம். அதிலும் கரண்டு வருவதும் போவதுமாக இருக்கிற ஊரில் இன்றைக்கு வெளிச்சம் நாளைக்கு இருட்டு என்று இருந்தால் கோழி குழம்பி இடுவதையே நிறுத்தினாலும் நிறுத்தும். சும்மா விட்டாலே இரண்டு மாதத்தில் முட்டை பெரிதாகிவிடப் போகிறது, அதற்குள் என்ன அவசரம்?

இந்த மண்ணில் கோழி இன்று நேற்று வந்ததில்லை. வீட்டுக்கோழிகளின் மூதாதை எது என்று 863 கோழிகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து 2020ல் வெளியான ஆராய்ச்சி, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, பர்மா காடுகளில் இருக்கிற செங்காட்டுக்கோழி வகையைத்தான் கைகாட்டுகிறது. அந்தக் காட்டுக்கோழி ஒரு தடவைக்கு ஐந்தாறு முட்டைதான் இடும், அதுவும் சின்ன முட்டை. தினம் ஒன்று, அதுவும் 60 கிராமில் என்பதெல்லாம் மனுசன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்துக் கொண்டுவந்தது. சின்ன முட்டைதான் கோழியின் இயல்பான அளவு என்று நான் நினைக்கிறேன்.

அடை வைப்பதற்கு மட்டும் இந்த முட்டை வேண்டாம், அதை யார் கேட்டாலும் அழுத்திச் சொல்வேன். பொரிக்கிற குஞ்சின் எடை முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 42 கிராம் பண்ணை முட்டையில் 28 கிராம் குஞ்சு வரும், 60 கிராம் முட்டையில் 40 கிராம் குஞ்சு வரும், இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டால் சின்னது தண்ணீர்ச் சட்டிக்கு நெருங்கவே முடியாமல் நசுங்கிவிடும். நாட்டுக்கோழியாக இருந்தால் முதல் ஈட்டு முட்டையை, அதாவது முதல் தடவை தொடர்ந்து இடுகிற முட்டைகளை, முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது ஈட்டில் அடை வையுங்கள். பண்ணைக் கோழியாக இருந்தால் இட ஆரம்பித்து இரண்டு மாதமாவது போகட்டும், பிறகு ஒரே அளவாக, ஓடு கெட்டியாக இருக்கிறதைப் பொறுக்கி அடைக்கோழிக்கு அடியில் வையுங்கள். பண்ணைக் கோழி தானாக அடை உட்காருவது அபூர்வம், அதற்கு வீட்டில் ஒரு நாட்டுக்கோழி வேண்டும்.